ரெண்டு பர்னர் போதும்

மேஸ்திரி: ...அதனால ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க, போதும். மிஷின் கையில இருக்கு, கரண்ட் இருக்கு, கல்லும் மல்லாக்கப் படுத்திருக்கு. அடுப்புக்கு ஓட்டை இருபத்திநாலா, முப்பத்தாறா?

அப்பா: முப்பத்தாறு.

மகள்: இருபத்திநாலு.

மேஸ்திரி: நல்லா இருக்கே! காலையில இருந்து இதே பாட்டு. அப்பாவும் பொண்ணும் பேசி முடிங்க. நான் அதுக்குள்ள தெருமுனையில ஒரு டீ...

அப்பா: டீ எல்லாம் அப்புறம் மேஸ்திரி. நீங்க முப்பத்தாறு வெட்டுங்க.

மகள்: அப்ப என்னை எதுக்குப்பா நாலு மணி நேரம் பஸ்ல வர வெச்சீங்க? "ஆஸ்பத்திரி சமையல்கட்டையே கட்டி மேய்க்கிறவ நீ, புது அடுப்படிக்கு எந்த சைஸ் கிரில்னு நீதான் சொல்லணும்"னு போன்ல கெஞ்சினது யாரு?

அப்பா: நான்தான். இப்பவும் சொல்றேன். நீதான் சொல்லணும்.

மகள்: சொல்லிட்டேனே. இருபத்திநாலு இஞ்ச். ரெண்டு பர்னர்.

அப்பா: ...கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு கண்ணு.

மகள்: யோசிக்க என்ன இருக்கு? தோட்டத்துல திறந்தவெளி அடுப்படி. சாப்பிடப்போறது நீங்க ஒரு ஆளு. ஒரு துண்டு மீனு, ஒரு சோளக்கதிர். அதை நாலு பர்னர் கிரில்ல போட்டா, கல்யாண மண்டபத்துல ஒத்த ஆளுக்குப் பந்தி விரிச்ச மாதிரி இருக்கும்.

மேஸ்திரி: கல்யாணம்னதும் டெய்லர் ஐயாவுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

அப்பா: வெயில் அடிக்குதுய்யா!

மேஸ்திரி: மாமரத்து நிழல்ல நிக்கிறீங்க.

அப்பா: உங்களை நான் கல்லு வெட்டத்தான் கூப்பிட்டேன். ...இங்க பாரு கண்ணு, நான் ஒரு ஆளுதான். ஆனா நாலு பேரு வருவாங்க, போவாங்க. கடையில வேலை பாக்கறவங்களை ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுச் சாப்பாடு போடலாம்ல?

மகள்: உங்க கடையில வேலை பாக்கறது நீங்களும் காஜா எடுக்கற மிஷினும். மிஷின் என்ன சாப்பிடும்?

அப்பா: பக்கத்து வீட்டுக்காரர்...

மகள்: வேலி தகராறுல அவர்கூடப் பேசி மூணு வருஷம் ஆச்சு.

அப்பா: அதான், அடுப்பு பெரிசா இருந்தா அந்தச் சாக்குல பேசிடலாம்னு...

மகள்: அடேங்கப்பா! வேலியை நகர்த்தாத மனுஷன், சமாதானத்துக்கு நாலு பர்னர் வாங்கறீங்களா? எலி ஏன் கோவணம் கட்டாம ஓடுதுன்னு எனக்குத் தெரியணும்.

அப்பா: ஒரு எலியும் ஓடலை.

மேஸ்திரி: பாப்பா, அந்தப் பஞ்சாயத்து இருக்கட்டும். முதல்ல உங்கப்பா கல்லு மேல சாக்பீஸ்ல போட்டிருக்கற கோட்டை வந்து பாரு. முப்பத்தாறு இஞ்ச் அடுப்புக்கு எவ்வளவு அடையாளம் பண்ணியிருக்காருன்னு நினைக்கறே?

மகள்: எவ்வளவு?

மேஸ்திரி: முப்பத்தேழரை!

அப்பா: பின்ன? பக்கத்துக்கு முக்கால் இஞ்ச் தையலுக்கு விட வேண்டாமா?

மேஸ்திரி: தையலுக்கா! ஐயோ சாமி, நான் வேலையை விட்டுட்டுப் போயிடறேன்...

அப்பா: இதுல சிரிக்க என்ன இருக்கு? முப்பது வருஷக் கைப்பழக்கம்யா. சாக்பீஸ் எடுத்தா தானா விட்டுத்தான் போடும்.

மேஸ்திரி: ஐயா, அடுப்போட விளிம்பு கல்லு மேல உக்காரணும். ஓட்டை அடுப்பை விடச் சின்னதா இருந்தாத்தான் உக்காரும். உங்க கோட்டுல வெட்டினா, தூக்கி வெச்ச உடனே அடுப்பு தொபுக்கடீர்னு உள்ள போய் சிலிண்டர் தலையில உக்காந்துக்கும்.

மகள்: நல்லவேளை பாத்தீங்க அண்ணே.

மேஸ்திரி: துணின்னா கூடுதலா விட்டு வெட்டறதுதான் புத்திசாலித்தனம், அப்புறம் பிடிச்சுத் தைக்கலாம். கல்லைப் பிடிச்சுத் தைக்க முடியுமா? சின்னதா வெட்டிட்டா நாளைக்குப் பெரிசு பண்ணிக்கலாம். பெரிசா வெட்டிட்டா அவ்வளவுதான்.

மகள்: கேட்டீங்களாப்பா? சின்னதுதான் நல்லது.

அப்பா: ...ம்.

மகள்: கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே கோடு போட்டீங்க? அதென்ன, புதுசா இருக்கு? போன தடவை நான் வந்தப்ப கறுப்பு ஃப்ரேம். அதுக்கு முன்னாடி ஒரு தங்கக் கலர். நடுவுல ஒரு அரைவட்டம்.

அப்பா: பவர் மாறிக்கிட்டே இருக்கும்மா.

மகள்: எட்டு மாசத்துல நாலு தடவையா?

அப்பா: ஊசியில நூல் கோக்கறவனுக்குக் கண்ணுதானே முதலீடு? அதுவும் இப்ப டெஸ்ட் எல்லாம் முன்ன மாதிரி இல்லை தெரியுமா? போன வாரம் ஒரு புது மாதிரி டெஸ்ட். சுவத்துல முதுகை ஒட்டி நிக்கணும். கையை மடக்கி முழங்கையை விலாவோட சேத்து வெச்சுக்கணும். அப்பத்தான் எதிர்ல இருக்கற எழுத்து சரியாத் தெரியுமாம்.

மேஸ்திரி: கையை மடக்கினா கண்ணு தெரியுமா?

அப்பா: விஞ்ஞானம்யா. நமக்கென்ன தெரியும்?

மேஸ்திரி: எங்க வீட்டுல கூட ஒருத்திக்குக் கண்ணாடி மாத்தணும். உங்க கடைக்கு எதிர்த்தாப்பலதானே? அந்தக் கண்ணாடிக்கடை அம்மா ரொம்பப் பொறுமையாப் பாக்கறாங்களாமே...

அப்பா: மேஸ்திரி, நீங்க டீ குடிக்கப் போறேன்னீங்களே, போகலையா?

மேஸ்திரி: இப்பத்தானே அப்புறம்னீங்க?

அப்பா: அப்புறம் வந்தாச்சு. போங்க.

மகள்: இருங்க அண்ணே, போகாதீங்க. இந்த மேடை ஏன் இவ்வளவு தாழ்வா இருக்கு?

அப்பா: எங்க தாழ்வு? சரியாத்தான் இருக்கு.

மகள்: எனக்கே குனியணும்போல இருக்கு. நீங்க வந்து நில்லுங்க. அட, வாங்கப்பா... கையை மேடை மேல வைங்க. பாருங்க, கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு நிக்கிறீங்க! ஆறடிக்கு ரெண்டு விரல் கம்மியான ஆளு. தினம் இதுல நின்னு சமைச்சா ஒரு மாசத்துல உங்க இடுப்பை எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வரணும்.

மேஸ்திரி: அப்படிக் கேளு பாப்பா! நான் முப்பத்தாறு உசரம் வைக்கலாம்னேன். எல்லாரும் அதான் வைக்கறாங்க. ஐயா கேக்கலை. முப்பத்திரண்டே கால்.

மகள்: முப்பத்திரண்டே கால்?

மேஸ்திரி: அந்தக் கால் இஞ்ச்சுக்காக நான் பட்ட பாடு! ஒரு நாள் சாயங்காலம் பூசி முடிச்சுட்டுக் கையைக் கழுவறேன், இஞ்ச் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்து அளந்தாரு. சரியா முப்பத்திரண்டு. "கால் இஞ்ச் குறையுது, உடைங்க"ன்னாரு. சட்டைக் காலருக்கு வேணும்னா கால் இஞ்ச் முக்கியம், சமையல் மேடைக்குமா?

அப்பா: வேலைன்னா சுத்தமா இருக்கணும்.

மகள்: எங்க சமையல்கட்டுல மேடை போடறப்ப ஒரே கணக்குதான்பா. நின்னு சமைக்கறவங்க முழங்கைக்கு ஆறு விரல் கீழ. இது எனக்கான உசரம் இல்லை. உங்களுக்கானதும் இல்லை.

அப்பா: உங்கம்மா...

மகள்: அம்மா என்னை விட உசரம். முப்பத்திரண்டே கால்னா, அஞ்சடி கூட இல்லாத ஒரு ஆளு. யாருக்கு அளவெடுத்துக் கட்டினீங்க?

மேஸ்திரி: ஐயா, தேள் கொட்டின திருடன் மாதிரி ஏன் முழிக்கிறீங்க? ...ஓ. ஓகோ. சரி. நான் டீ குடிச்சுட்டு வந்துடறேன். ரெண்டு டீ கூடக் குடிப்பேன். மிஷினை மட்டும் யாரும் தொடாதீங்க.

மகள்: போயிட்டாரு. இப்ப சொல்லுங்க.

அப்பா: என்ன சொல்ல?

மகள்: சோத்துக்குள்ள ஒரு முழுப் பூசணிக்காய் இருக்கே, அதைச் சொல்லுங்க.

அப்பா: ...வெள்ளைக் கோட்டு ரெண்டு தச்சேன்.

மகள்: யாருக்கு?

அப்பா: எதிர்க்கடைக்கு. கண்ணு டெஸ்ட் பண்றப்ப அவங்க போட்டுக்கற கோட்டு. கை நீளத்துக்கு, முழங்கைக்கு எல்லாம் அளவெடுத்தேன். நமக்கு ஒரு தடவை கையில ஓடின அளவு மறக்காதுன்னு உனக்குத்தான் தெரியுமே.

மகள்: ம்.

அப்பா: கோட்டு ரொம்ப நல்லா வந்தது. அப்புறம் எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா...

மகள்: நாலு தடவை.

அப்பா: முதல் தடவை நிஜமாவே மங்கல்தான்! மத்தது... சும்மா போய் நின்னா நல்லாவா இருக்கும்? அவங்களும் தனி ஆளு. வீட்டுக்காரர் போய் பத்து வருஷம். சாயங்காலம் கடை சாத்தறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் பேசிக்கிட்டு இருப்போம். அவ்வளவுதான்.

மகள்: கால் மணி நேரம் பேசறதுக்கு யாராவது அடுப்படி கட்டுவாங்களா?

அப்பா: ...நான்தான் கேட்டேன்.

மகள்: என்னன்னு?

அப்பா: அதை உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? கேட்டேன். அவங்க ஆமாவும் சொல்லலை, இல்லையும் சொல்லலை. "உங்க பொண்ணு என்ன சொல்லுவா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை.

மகள்: ஒரு விஷயம் சொல்லுங்க. உள்ளயே ஒரு சமையல்கட்டு இருக்கு. குழாய், அலமாரி எல்லாம் நல்லா இருக்கு. எதுக்கு வெளிய தனியா?

அப்பா: அது உங்கம்மாவோடது. இந்த வீட்டுக்குக் குடி வந்த புதுசுல, அவளை நிக்க வெச்சு நான்தான் அளவெடுத்தேன். அந்த மேடை அவ முழங்கைக்குன்னே கட்டினது. அவ போய்ச் சேந்த இந்த ஆறு வருஷமா நான் அதுலதான் சமைக்கறேன். அதை உடைக்கவும் எனக்கு மனசு வரலை. அங்க இன்னொருத்தங்களைக் கொண்டு போய் நிறுத்தவும் மனசு வரலை. அவங்களுக்கும் அது சங்கடம். அதான்... இந்த மாமரத்தடியில.

மகள்: அப்பா... அழறீங்களா?

அப்பா: புதுக் கண்ணாடி, உறுத்துது.

மகள்: இதை எல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாம்ல?

அப்பா: எட்டு மாசமா போனை எடுக்கறேன், "சாப்பிட்டியா"ன்னு கேக்கறேன், வெச்சுடறேன். வாய் வரலைம்மா. அதான் அடுப்பைச் சாக்கு வெச்சு வரச் சொன்னேன். மனசுக்குள்ள ஒரு கணக்கு போட்டிருந்தேன்.

மகள்: என்ன கணக்கு?

அப்பா: திட்டக் கூடாது.

மகள்: திட்டலை, சொல்லுங்க.

அப்பா: நீயே பாத்துட்டு "பெரிய அடுப்பா வைங்கப்பா, வீட்டுல நாலு பேரு இருக்கணும்"னு சொன்னா, அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு விஷயத்தைச் சொல்லிடலாம். "நீங்க ஒரு ஆளுதானே, சின்னது போதும்"னு சொன்னா... பேச்சை எடுக்காமலே விட்டுடலாம். அவங்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுடலாம்.

மகள்: அடப்பாவி அப்பா! என்னை வெச்சுப் பூவா தலையா போட்டிருக்கீங்களா?

அப்பா: நீ வந்ததுல இருந்து இருபத்திநாலு, இருபத்திநாலுன்னே சொல்லிக்கிட்டு இருக்கே. நானும் முப்பத்தாறு முப்பத்தாறுன்னு தொங்கிப் பாத்தேன். உனக்கு வருத்தம்னா எனக்கு எதுவும் வேண்டாம். நிஜமாத்தான் சொல்றேன். மேடையை மேஸ்திரிகிட்டச் சொல்லி என் உசரத்துக்கு ஏத்திக்கறேன். ஒரு துண்டு மீனு, ஒரு சோளக்கதிர். நீ சொன்ன மாதிரி.

மகள்: நான் வருத்தம்னு சொன்னேனா?

அப்பா: சொல்லணுமா? உன் முகத்துக்குக் கூடவா எனக்கு அளவு தெரியாது?

மேஸ்திரி: உள்ள வரலாமா? மூணாவது டீ கேட்டேன், கடைக்காரரே போதும்னுட்டாரு.

அப்பா: வாங்க மேஸ்திரி. இருபத்திநாலே வெட்டிடுங்க.

மேஸ்திரி: முடிவாயிடுச்சா? நல்லது. ஆனா ஏன் ஐயா குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது?

அப்பா: நடுவுல வெட்டிடுங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டும்.

மகள்: அண்ணே, நடுவுல வேண்டாம். இடது ஓரத்துல இருந்து பன்னிரண்டு விடுங்க, தட்டு வைக்க. அப்புறம் இருபத்திநாலு அடுப்பு. வலது பக்கம் முப்பத்தாறு முழுசா மிச்சம் வேணும். இந்தாங்க, படம் போட்டே கொண்டு வந்திருக்கேன்.

மேஸ்திரி: கொடு பாக்கலாம்... பன்னிரண்டு, இருபத்திநாலு, முப்பத்தாறு, கீழ மொத்தம் எழுபத்திரண்டுன்னு போட்டிருக்கு. சரியா நம்ம கல்லு நீளம். ஆனா இதென்ன, வலது பக்கத்துக்கு மட்டும் உசரம் முப்பத்தொன்பதுன்னு எழுதியிருக்கு? கல்லை ரெண்டா அறுத்து அந்தப் பக்கம் செங்கல் வெச்சு உசத்தணுமா?

மகள்: முடியுமா?

மேஸ்திரி: ஏன் முடியாது? அரை நாள் வேலை கூடும். ஆனா ஒரே மேடையில ரெண்டு உசரமா? ஒட்டகத்து முதுகு மாதிரி இருக்குமே!

அப்பா: கண்ணு, நீ வந்து ரெண்டு மணி நேரம்தானே ஆச்சு? படம் எப்பப் போட்டே? கல்லு நீளம் உனக்கு எப்படித் தெரியும்?

மகள்: நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க.

அப்பா: நான் யார்கிட்ட... அவங்ககிட்ட மட்டும்தான்... மேஸ்திரி, அந்தப் பேப்பரை இங்க கொடுங்க.

மேஸ்திரி: இது சும்மா ஏதோ சீட்டுக்குப் பின்பக்கம் போட்டது ஐயா. முன்பக்கம் வலது கண்ணு, இடது கண்ணுன்னு அச்சடிச்சிருக்கு.

அப்பா: கொடுய்யா! ...இந்த ஏழு. ஏழுக்கு நடுவுல குறுக்க ஒரு கோடு. இப்படி ஏழு போடறது இந்தத் தெருவுலயே ஒரே ஒருத்தங்கதான்.

மேஸ்திரி: ஐயா, கல்லு மேல உக்காராதீங்க. சாக்பீஸ் ஒட்டிக்கும்.

மகள்: உக்காரட்டும் விடுங்க அண்ணே.

அப்பா: நீ... அவங்களைப் பாத்தியா?

மகள்: போன மாசம் உங்ககிட்டச் சொல்லாம வந்துட்டுப் போனேன். ஒரு மனுஷனுக்கு ஏழு மாசத்துல மூணு தடவை கண்ணு எப்படிக் கெட்டுப்போகும், பாவம் எங்கப்பாவை யாரோ நல்லா ஏமாத்தறாங்கன்னு, சண்டை போடத்தான் போனேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு.

அப்பா: ஐயையோ. சண்டை போட்டியா?

மகள்: "உங்கப்பாவுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லைம்மா, நானும் மூணு தடவை சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கறாரு"ன்னு சொல்லி அவங்களே சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எங்க சண்டை போடறது? ரெண்டு மணி நேரம் பேசிட்டு, சாப்பிட்டுட்டு வந்தேன்.

அப்பா: அப்ப உனக்கு எல்லாம் முன்னாடியே தெரியுமா? மேடை உசரமும்?

மகள்: கால் இஞ்ச்சுக்காக உடைச்சு மறுபடி கட்டினதை அவங்ககிட்டப் பெருமையாச் சொன்னீங்களாமே. "இந்த வயசுல எனக்குன்னு ஒருத்தர் சுவத்தை உடைச்சாரு"ன்னு போன்ல சொல்றப்ப அவங்க குரலே மாறிப்போச்சு.

அப்பா: தெரிஞ்சுக்கிட்டேவா என்னை இப்படி வறுத்து எடுத்தே? "யாருக்கு அளவெடுத்தீங்க, யாருக்கு அளவெடுத்தீங்க"ன்னு?

மகள்: அது அவங்க போட்ட நிபந்தனை. "உங்கப்பா தன் வாயால உன்கிட்டச் சொல்லணும். அதுவரைக்கும் நான் சரின்னு சொல்ல மாட்டேன், நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே"ன்னாங்க. உங்க வாய்ல இருந்து வார்த்தையைப் பிடுங்கறதுக்குள்ள எனக்கு நாக்கு வெளிய தள்ளிடுச்சு.

மேஸ்திரி: எனக்கு ஒரு சந்தேகம் பாப்பா. அந்த முப்பத்தொன்பது யாரோட அளவு?

மகள்: ஆறடிக்கு ரெண்டு விரல் கம்மியான ஒருத்தர், போன வாரம் சுவத்துல முதுகை ஒட்டிக் கையை மடக்கி நின்னாராம். அவர் எழுத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கறப்ப முழங்கை கிட்ட ஒரு பென்சில் கோடு விழுந்ததாம். இன்னைக்கு பஸ் இறங்கினதும் முதல்ல அவங்க கடைக்குப் போய் இந்தச் சீட்டை வாங்கிட்டுத்தான் இங்க வந்தேன்.

அப்பா: அது... கண்ணு டெஸ்ட் இல்லையா?

மேஸ்திரி: விஞ்ஞானம்யா. நமக்கென்ன தெரியும்?

அப்பா: நீர் சும்மா இரும்! ...ஆனா கண்ணு, எல்லாம் சரின்னா, காலையில இருந்து ஏன் சின்னது சின்னதுன்னு என் உசிரை எடுத்தே? முப்பத்தாறே வெச்சிருக்கலாமே?

மகள்: அது என் வார்த்தை இல்லைப்பா. "நாலு பர்னர் வெச்சா மேடை பூரா அடுப்பாயிடும், அப்புறம் அவர் எங்க நிப்பாரு? ரெண்டு பர்னர் போதும். மிச்ச இடத்தை உங்கப்பா உசரத்துக்கு ஏத்தச் சொல்லு. நான் சுடறப்ப அவர் குனியாம நிமிந்து நின்னு காய் நறுக்கணும். கால் இஞ்ச் குறைஞ்சாலும் நானே வந்து உடைப்பேன்"னு... சின்னம்மா சொல்லி அனுப்பினாங்க.